எல்லாப் பாட்டும் நல்ல பாட்டுதான்

"ஒத்துக்கினியா இல்லியா? அத்த மட்டும் சொல்லு. நா வுட்டுடறேன்."

செக்கிங் அக்கா வாயிலிருந்து இதைக் கேட்காதவர்கள் எங்கள் கம்பெனியில் கிடையாது. விட்டுவிடுகிறேன் என்று சொல்வாளே தவிர, ஒருநாளும் விட்டதில்லை. ஒத்துக்கொண்டால், "வாய்தான் ஒத்துக்குது, மன்சு ஒத்துக்கல" என்பாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாள் காலை, நாம் கார்டு பஞ்ச் பண்ண வரிசையில் நிற்கும்போது பின்னால் வந்து நின்று, முந்தின நாள் விட்ட வாக்கியத்திலிருந்து தொடங்குவாள். இத்தனை வருடம் கழித்தும் அவளை நினைத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

தண்டையார்பேட்டையில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. தொண்ணூறுகளின் கடைசி. இரண்டாவது மாடியில் நீளமான ஒரே கூடம், அதில் ஆறு லைன் தையல் மிஷின். தைத்து முடித்த சட்டைகள் கோடியில் இருக்கும் செக்கிங் மேஜைக்கு வரும். அக்கா நின்றுகொண்டேதான் வேலை பார்ப்பாள். சட்டையை விரிப்பாள், காலர், கை, பட்டன் பட்டி என்று விரலை ஓட்டுவாள். தையல் எங்கே கோணியிருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பு ஒட்டிய சட்டைக்கு 'ஆல்டர்' என்று பெயர். அது தைத்தவளிடமே திரும்பிப் போகும். அந்த மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக் கட்டுகளுக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. எனக்கு அப்போது இருபது வயது. அக்காவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே மாட்டிக்கொண்டேன். சீட்டு எழுதிக்கொண்டே ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்தேன், அவ்வளவுதான். எங்கள் கூடத்தில் இசையமைப்பாளர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒருவர் ஆர்மோனியக்காரர், இன்னொருவர் கீபோர்டுக்காரர். பாதிப் பேர் இந்தக் கட்சி, பாதிப் பேர் அந்தக் கட்சி. நான் கீபோர்டுக்காரர் கட்சி.

"இன்னா பாட்டு அது?"

"புதுசுக்கா. சூப்பரா கீது இல்ல?"

"எந்த எடத்துல சூப்பரு?"

"மொத்தமாவே நல்லாக்கீதுக்கா."

"மொத்தமான்னு ஒண்ணும் கெடியாது. சட்டய பாத்து மொத்தமா நல்லாக்கீதுன்னு அனுப்பிடுவேனா? காலரு எப்டி, கை எப்டின்னு தனித்தனியா சொல்லு. மெட்டு நல்லாக்கீதா? பாடறவன் குரல் நல்லாக்கீதா? இல்ல, பின்னாடி வர்ற சத்தத்துல மயங்கிட்டியா?"

மூன்று நாள் இது நடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என் பஸ் வந்து, நின்று, கிளம்பிப் போனது. அக்கா என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பஸ்ஸையாவது பிடிக்க வேண்டுமே என்று, "சரிக்கா, பின்னாடி வர்ற சத்தத்துலதான் மயங்கிட்டேன்" என்றேன். பையை விட்டாள். மறுநாள் காலை கார்டு வரிசையில் பின்னாலிருந்து குரல் வந்தது. "நேத்து பஸ்ஸுக்கோசரம் சொன்னியா, மெய்யாலுமே சொன்னியா?"

சும்மா வாயடிக்கிறவள் என்று நினைத்து நான் அவளை ஒதுக்கியிருக்கலாம். அப்படி ஒதுக்க முடியாமல் செய்தவள் ஸ்டெல்லா. கட்டிங் செக்ஷனில் வேலை செய்த ராயபுரத்துப் பெண். அவள் அண்ணன் சர்ச்சில் கிதார் வாசிப்பவன். அவனுடைய வாக்மேனையும் இங்கிலீஷ் ராக் கேசட்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ஒருநாள் அக்கா அவள் எதிரில் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஸ்டெல்லா பயந்துகொண்டே கொடுத்தாள். அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாள், திருப்பிப் போட்டு மறுபக்கமும் மணி அடிக்கும்வரை கேட்டாள். காதிலிருந்து எடுத்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கிதாரு வாசிக்கறவன் கெட்டிக்காரன். கம்பிய இழுத்து இழுத்து, நாயனத்துல வர்ற கொழைவ கொண்டாறான். தோலு தட்றவன் அவசரக்காரன், இவன் பெருசா ஒண்ணு சொல்ல வரும்போது முந்திக்கிறான். ஆனா ஒண்ணு. கிதாருக்காரனுக்கு எங்க நிறுத்தறதுன்னு தெரில. சொன்னதயே நாலு தபா சொல்லிகினு கீறான்."

"யக்கா, அவரு உலகமே கும்புடற ஆளு" என்றாள் ஸ்டெல்லா.

"உலகம் அவசரப்பட்டு கும்புட்டா நா இன்னா பண்றது? நாலு தபா சொன்னானா இல்லியா?"

ஸ்டெல்லா அன்று இரவு அண்ணனிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். அவன் கேசட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "யாரு உனுக்கு இத்த சொன்னது?" என்று கேட்டானாம். ஆனால் ஸ்டெல்லா அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் ஒரு வாரம் பேசுவாள் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அக்காவுக்கு எல்லா விவாதமும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் முடியும். நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன ஒரு நாதஸ்வர வித்வான். நாயனக்காரர் என்பாள். கிதாரா, நாயனக்காரர் பக்கத்தில் நிற்குமா. ஆர்மோனியக்காரர் மெட்டா, நாயனக்காரர் ஒரு மூச்சில் அதை ஊதித் தள்ளியிருப்பார். அக்கா யாரிடமும் சங்கீதம் படித்ததில்லை, நாதஸ்வரத்தைக் கையால் தொட்டதில்லை, வீட்டில் இருந்ததெல்லாம் ஒரு பழைய டேப் ரிக்கார்டரும் அவருடைய கேசட்டுகள் சிலவும்தான். விம்கோ நகரில் அவள் அண்ணன் வீட்டோடு இருந்தாள். கல்யாணத்தைப் பற்றி நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் கோயில் திருவிழாவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். சாமி பின்னால் வருகிறது, முன்னால் நாதஸ்வரமும் தவிலும். கூட்டமெல்லாம் சாமியைப் பார்த்துக் கும்பிட, அக்கா மட்டும் வாசிக்கிறவர்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தாள். நாலு தெருவும் அப்படித்தான். எத்தனை பேர் காலை மிதித்திருப்பாள் என்று கணக்கில்லை. நான் பின்னால் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஊர்வலம் நின்று வித்வான் சோடா குடிக்கும்போது நேராகப் போய், "ரெண்டாவது தெருவுல அவசரப்பட்டீங்க" என்றாள். அவர் முறைத்தார். அப்புறம் தவில்காரரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "ஆமாம்மா, மேலே ஒயர் தொங்கிச்சு. சீக்கிரம் தாண்டச் சொன்னாங்க" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா. ஒத்துக்கினாரு."

அன்று வீடு போகும்வரை அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்குச் செருப்பு வார் அறுந்துபோய், கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

இந்தக் குணத்தால் நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது லைனில் கௌசல்யா என்று ஒருத்தி. காலர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒருநாள் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கி உள்ளேயே ஒடிந்துவிட்டது. மறுநாள் ஷிப்மெண்ட். சூப்பர்வைசர் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார், மணி அடித்ததும் போகலாம் என்றான். அக்கா மேஜையை விட்டு வந்து அவன் எதிரில் நின்றாள். கத்தவில்லை. "இது தப்பா இல்லியா? அத்த மட்டும் சொல்லு" என்றாள். அவன் ஷிப்மெண்ட் என்றான். "அது கெடக்கட்டும். தப்பா இல்லியா?" அவன் நகர்ந்தால் இவளும் நகர்ந்தாள். அவன் தண்ணீர் குடிக்கப் போனான், அங்கேயும் போய் நின்றாள். கடைசியில், "தப்புதான் தாயே, வுடு" என்று அவனே ஆட்டோ கூப்பிட்டான். கௌசல்யா அக்கா மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நான் சேர்ந்து மூன்றாவது வருடம் புது மேனேஜர் வந்தார். திருப்பூர்க்காரர். "பாட்டு கேட்டா கை தானா ஓடுங்கம்மா" என்று சொல்லி, கூடத்தின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் மாட்டி, தன் அறை வாசலில் ஒரு டேப் டெக்கும் மைக்கும் வைத்தார். காலையில் இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம். ஆறு லைனுக்கு ஆறு நாள். அந்தந்த லைன் அன்றைக்கு என்ன கேசட் என்று முடிவு செய்துகொள்ளலாம். செக்கிங் மேஜை ஆறாவது லைனோடு சேர்ந்தது, அதாவது சனிக்கிழமை.

அந்த நாலு மணி நேரம் எனக்கு என்னவாக இருந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பெரும்பாலும் இரவு வேலை. பகலெல்லாம் எங்கள் ஒற்றை அறையில் தூங்குவார். குக்கர் விசில் வருவதற்குள் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது, அதில் பேட்டரி போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு பாட்டை ஆரம்பம் முதல் கடைசி வரை, யாரும் போய் நிறுத்தாமல், உட்கார்ந்த இடத்தில் கேட்டது வாழ்க்கையில் அங்கேதான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்காக ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே காத்திருப்பேன்.

முதல் சனிக்கிழமை அக்கா நாயனக்காரர் கேசட்டைக் கொண்டுவந்தாள். நாலு மணி நேரமும் அதுதான். நான்கு மூலையிலிருந்தும் நாதஸ்வரம் வந்ததும், "யாருக்கு கண்ணாலம்?" என்று ஒருத்தி கேட்க, கூடமே சிரித்தது. அக்கா சிரித்தவர்களை ஒவ்வொருத்தியாக மனதில் குறித்துக்கொண்டாள். அடுத்த செவ்வாய் இரண்டாவது லைன் முறை. கௌசல்யாவும் சின்னப் பெண்களும் இங்கிலீஷ் பாப் பாட்டுகளும் அதே மாதிரி இந்திப் பாட்டுகளும் கலந்து பதிவு செய்த கேசட்டைப் போட்டார்கள். தடதடவென்று ஓடியது. பத்து நிமிடம் கூட ஆகவில்லை, அக்கா கையில் சட்டையோடு கௌசல்யா மிஷினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இது பாட்டா? ஒரே வரிய நூறு தபா சொல்றான். மிஷின் மேரி."

"நாங்க மிஷின்லதானக்கா குந்திகினு கீறோம்" என்றாள் கௌசல்யா, தலையைத் தூக்காமல். "அது எங்க காலோட ஜோடியா ஓடுது. உன் நாயனத்துக்கு எப்ப மிதிக்கிறது, எப்ப வுடறதுன்னே தெரில. சனிக்கெயம எங்க லைன்ல காலரு பூரா கோணிக்கிச்சி."

அக்கா சட்டையை மடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அவள் பின்வாங்கி நான் பார்த்து அதுதான் முதல் தடவை. மேஜைக்கு வந்து அடுத்த சட்டையை விரித்தாள். எனக்கு உள்ளூர நிம்மதி. இரண்டு நாள் கழித்து, வேறு லைனின் வேறு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, நேராகக் கௌசல்யாவிடம் போனாள்.

"மிஷினோட ஓடற பாட்டு மிஷினுக்கு ஆச்சி. மனுசிக்கு இன்னா கீது அதுல? சொல்லு."

"யக்கா, ஒரு நாளு உனுக்கு, ஒரு நாளு எனுக்கு. அத்தோட வுடேன்."

"நாள யாரு கேட்டா? நீ அத்த நல்ல பாட்டுன்னு சொன்னியே. அத்த எப்டி வுடறது?"

ஸ்டெல்லாதான் பாவம், ஓட்டுப் போட்டு முடித்துவிடலாம் என்றாள். ஒரு சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கூடினோம். அக்கா எழுந்து நின்று பேசினாள். நாயனக்காரர் எங்கே மூச்சு எடுத்தார் என்றே தெரியாது என்றாள். இருட்டில் ஒருத்தர் கையைப் பிடித்துப் படி இறக்கிக் கூட்டிப்போவது மாதிரி ஒவ்வொரு சுரமாக நம்மை இறக்குவார் என்றாள். நன்றாகத்தான் பேசினாள். கௌசல்யா எழுந்து, "எனுக்கு பேச தெரியாது. அந்த பாட்டு போட்டா மணி ஆவறது தெரில" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்குக் கை தூக்கியவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். அதில் ஸ்டெல்லாவும் ஒருத்தி. தன் கேசட்டை முழுசாகக் கேட்டது அக்கா ஒருத்திதான் என்றாள். நானும் தூக்கினேன், பக்கத்து மேஜைக்காரி என்பதால்.

"கைய தூக்கினா பாட்டு நல்லாயிடுமா?" என்றாள் அக்கா. சாப்பிடாமல் எழுந்து போனாள்.

அந்த வாரம் இரண்டாவது லைனுக்குத் திரும்பிப் போன கட்டுகள் அதிகமாயின. சீட்டு எழுதியவள் நான், எனக்குத் தெரிந்தது. மூன்று கட்டுக்கு ஒரு ஆல்டர் இருந்த இடத்தில் ஒரே கட்டில் ஐந்தாறு அம்பு. நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அவள் எப்போதும்போலத்தான் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கௌசல்யா ஒரு கை நிறையச் சட்டைகளைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டாள்.

"பாட்டுக்கு பழி தீத்துக்கிறியாக்கா?"

"எந்த அம்பு தப்பு? எட்த்து காட்டு."

"நா அன்னிக்கு ஆட்டோல உன் மடியில சாஞ்சிகினு போனேன்கா."

"அது வேற, இது வேற."

கூச்சல் கேட்டு மேனேஜர் வந்தார். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு சட்டையாக அளந்தார். எல்லா அம்பும் சரியாகத்தான் இருந்தது. "அப்போ இதுக்கு முன்னாடி எப்படிங்கம்மா இவ்வளவு ஆல்டர் வரலை?" என்று கேட்டார்.

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டாள். "முன்னாடி சின்ன கோணலயெல்லாம் வுட்டுகினு இருந்தேன் சார். பாவம், பொண்ணுங்க திருப்பி பிரிச்சி தைக்கணுமேன்னு. இப்ப வுடல."

மேனேஜருக்கு இரண்டு பக்கமும் கோபம். கோணலாகத் தைத்ததற்காக அந்த லைன்மேல், இத்தனை நாள் அதை அனுப்பியதற்காக இவள்மேல். எல்லாம் இந்தப் பாட்டால் வந்தது என்று டெக்கின் ஒயரைப் பிடுங்கி, பெட்டியைத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து வந்து, இனி தகராறு கிடையாது என்று சொன்னால் திரும்ப வைப்பேன் என்றார். கௌசல்யா மறுநாளே போய்ச் சொல்லிவிட்டாள். அக்கா போகவில்லை.

மூன்று வாரம் கூடத்தில் மிஷின் சத்தம் மட்டும்தான். யாரும் அக்காவோடு பேசவில்லை. ஒருநாள் யாரோ அவள் முதுகில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டார்கள். காலை முழுக்க அதோடுதான் நின்றிருக்கிறாள். நான் சாப்பாட்டு மணிக்குப் பார்த்து எடுத்தேன். அதை வாங்கி விரலில் வைத்துப் பார்த்தாள்.

"எங்க ஒட்னாங்க?"

"முதுகுலக்கா. வுடு."

"நட்ட நடுவுலியா? கோணலா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அன்றைக்குத்தான் என் வீட்டுக் கதையை அவளிடம் சொன்னேன். அப்பா, பகல் தூக்கம், பேட்டரி போடாத டிரான்சிஸ்டர் எல்லாம். இந்தப் பாட்டுகூட இல்லையென்றால் எனக்கு ஒன்றுமே இல்லை என்று சொன்னேன். முழுசாகக் கேட்டாள்.

"புரியுது. அதுக்காவ மோசமான பாட்ட நல்லதுன்னு சொல்ல சொல்றியா?"

"நல்லதுன்னு யாருக்கா சொல்ல சொன்னது? சண்ட போட மாட்டேன்னு சொல்லு. போதும்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லக்கா."

"தப்பா ஒத்துக்கினு பாட்டு கேக்கறதுக்கு, கேக்காமயே இருந்துட்டு போலாம்."

அவள் இருந்துவிட்டுப் போவாள். அவள் வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம், அக்கா கிளம்பிய பிறகு, நான் மேனேஜர் அறைக்குப் போனேன். அக்கா ஒத்துக்கொண்டாள், நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தேன். நானே எழுதியது. 'இனிமேல் கூடத்தில் பாட்டு விஷயமாக யாரிடமும் வாக்குவாதம் செய்யமாட்டேன். எல்லாப் பாட்டும் நல்ல பாட்டுதான்.' கீழே அவள் கையெழுத்தும் நானே போட்டேன். இரண்டாவது வாக்கியம் தேவையே இல்லை. முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் போதும். எழுதும்போது என்னவோ ஒரு வேகம், அதையும் எழுதினேன். மூன்று வருடம் கார்டு வரிசையில் பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்து என்று இப்போது தோன்றுகிறது.

மேனேஜர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு டெக்கை வெளியே கொண்டுவந்து வைத்து, மைக்கை எடுத்து, அந்தத் தாளைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். "எல்லாப் பாட்டும் நல்ல பாட்டுதான்" என்று நாலு மூலையிலிருந்தும் வந்தது. பெண்கள் கை தட்டினார்கள்.

அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள். நடந்து போய் மேனேஜரிடம் கையை நீட்டினாள். அவர் தாளைக் கொடுத்தார். என் எழுத்து அவளுக்குத் தெரியாமல் இருக்குமா, தினம் ஆயிரம் சீட்டில் பார்க்கிறாள். வாசித்து முடித்துத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. சட்டையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள், காலர், கை, பட்டி என்று.

மேனேஜர் அதைக் கவனித்துவிட்டார். "ஏனுங்கம்மா, இது உங்க கையெழுத்துதானுங்களே?"

கள்ளக் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். முந்தின மாதம்தான் ஒருத்தியைக் கேட் பாஸில் சூப்பர்வைசர் கையெழுத்தைப் போட்டதற்காக அனுப்பினார்கள். என் சம்பளத்தை வைத்துத்தான் வீட்டில் அரிசி. இது எல்லாமே அக்காவுக்குத் தெரியும்.

"என்துதான் சார்" என்றாள்.

"இதுல இருக்கிறதுக்கு ஒத்துக்கிறீங்க?"

"ஒத்துக்கறேன்."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து சட்டையை விரித்தாள். அன்று செவ்வாய், இரண்டாவது லைன் முறை. கௌசல்யா எழுந்து எங்கள் மேஜைக்கு வந்து, டிராயரில் கிடந்த நாயனக்காரர் கேசட்டை எடுத்துக்கொண்டு போய் டெக்கில் போட்டாள். அக்கா தனக்காக விட்டுக்கொடுத்தாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் முணுமுணுக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஓடியது. அக்கா தலையைத் தூக்கவே இல்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன்.

"யக்கா, மன்ச்சிக்கோ."

"செரி."

"ரெண்டு அடியாவது அடிக்கா."

"இன்னாத்துக்கு?"

"நா செஞ்சது தப்புக்கா. ஒத்துக்கறேன். மெய்யாலுமே ஒத்துக்கறேன்."

"செரிம்மா. உன் பஸ்ஸு வர்து பாரு."

அதற்கு முன்னால் அவள் என்னை 'ம்மா' போட்டுப் பேசியதே இல்லை.

ஓயட்டும், ஒரு வாரம் ஓயட்டும் என்று இருந்தேன். மற்றவர்களோடு அவள் பத்தே நாளில் பழையபடி ஆகிவிட்டாள். கூடத்துக்குள் பேசமாட்டேன் என்று எழுதியாகிவிட்டதல்லவா, அதனால் கூடத்துக்கு வெளியே பேசினாள். படிக்கட்டில், தண்ணீர்க் குழாயடியில், கேட்டில். ஸ்டெல்லாவை ஒரு புதுக் கேசட்டுக்காக இரண்டு நாள் துரத்தினாள். கௌசல்யாவோடு மறுபடி ஆரம்பித்து, கௌசல்யா சிரித்துக்கொண்டே ஓடுவாள். என்னிடம் மட்டும் கிடையாது. நான் பாட்டு முணுமுணுத்தால் அவள் காதில் விழாது. எப்படிக்கா இருக்கிறது என்று கேட்டால், நல்லாக்கீது என்பாள். வேண்டுமென்றே ஒருநாள், "உன் நாயனக்காரரு சுமாருதாங்கா. மூச்சு கொஞ்சம் கம்மி" என்றேன். 

"செரி" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

காட்டிக் கொடுத்திருக்கலாமே என்று அவள்மேலேயே கோபம் வந்தது. வேலை போயிருக்கும், போகட்டும். நாலு நாள் அழுதிருப்பேன், வேறு கம்பெனி பார்த்திருப்பேன், தண்டையார்பேட்டையில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கா பஞ்சம். காப்பாற்றச் சொல்லி அவளை யார் கேட்டது? இதை அவளிடமே கேட்டிருந்தால் அதற்கும் செரி என்றுதான் சொல்லியிருப்பாள். இன்னும் ஒன்றரை வருடம் அந்தப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். பாட்டு தினம் நாலு மணி நேரம் ஓடியது. பிறகு எர்ணாவூரில் கல்யாணமாகி வேலையை விட்டேன். கல்யாணத்துக்கு வந்தாள், கவர் கொடுத்தாள், சாப்பிட்டாள். மண்டபத்தில் வாசித்த நாதஸ்வரக்காரரிடம் போய்ப் பத்து நிமிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். மேடையிலிருந்து பார்த்தேன்.

கடைசியாகப் பார்த்தது ஐந்தாறு வருடம் கழித்து. தண்டையார்பேட்டையில் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன். டிரைவர் பக்கத்து சீட்டில் அவள். தலை பாதி நரைத்திருந்தது. எஃப்எம்மில் ஆர்மோனியக்காரரின் பழைய பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் தமிழிலேயே பெரிய பாட்டு என்று டிரைவர் சொல்லித் தொலைத்திருக்கிறான் போலிருக்கிறது.

"எந்த எடத்துல பெருசு? சரணத்துல இறங்கி வரான் பாரு, அங்கியா? இல்ல பாடறவ குரலா?"

"எல்லாந்தான்க்கா. வுடுக்கா, வண்டி ஓட்டணும்."

"எல்லாம்னு ஒண்ணும் கெடியாது. தனியா சொல்லு."

திருவொற்றியூர் தாண்டும்வரை அவள் அவனை விடவில்லை. தேரடியில் இறங்க வேண்டிய ஒரு பெண்மணியே இடத்தை மறந்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் முன்னால் குனிந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காத்திருந்தேன். விம்கோ நகரில் வண்டி நின்றது. இறங்கித் திரும்பியவள் என்னைப் பார்த்தாள்.

"நல்லாக்கீறியாம்மா? புள்ளிங்க எத்தினி?"

"ரெண்டுக்கா." இறங்கும் ஆள் இறங்கிவிட்டது, டிரைவர் கியர் போட்டுவிட்டான். நேரமில்லை. "யக்கா, டிரைவர் சொன்னதுதான் கரீட்டு. மொத்தமாவே அதான் பெரிய பாட்டு. நீ சொல்றது தப்பு."

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"செரிம்மா. பாத்து போ."

டிரைவர் வண்டியை எடுத்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ராயபுரத்துலருந்து என் உயிர எட்த்துட்டாங்க. நீ ஒரு வார்த்த சொன்ன, ஒடனே ஒத்துக்கினு போய்ட்டாங்களே. இன்னாக்கா பண்ண அவங்கள?"

எர்ணாவூர் வரும்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தான்.